மார்கழி பிறப்பதற்குள் வண்டியைப் பாருங்கள்



கார்த்திகை முடியப் போகிறது. மார்கழி பிறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இந்தப் பதிவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஒரு பாடவேளை முழுக்க என் எதிரில் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுமையாகப் படியுங்கள்.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை இரண்டு மாதமும் விடியற்காலை மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் கார் எடுப்பதை நம் குடும்பங்கள் நிறுத்த வேண்டும். எடுத்தே தீர வேண்டியவர்கள், அந்தப் பனிக்குத் தயார் செய்த வண்டியோடு மட்டும் எடுக்க வேண்டும். இது என் கருத்து. காரணங்களைக் கீழே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"டீச்சருக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. தெரியாது. ஸ்கூட்டியோடு சரி. ஆனால் என்னிடம் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் படித்தவர்களில் லாரி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர், மெக்கானிக்குகள் எத்தனை பேர், பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர்கள் எத்தனை பேர்! நாமக்கல் மாவட்டத்தில் ஆசிரியராக இருந்துவிட்டு வண்டியைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியுமா? இங்கே எழுதியிருப்பதில் பாதி அவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மீதிப் பாதி ஆறாம் வகுப்பு அறிவியலும் கணக்கும்.

குளிர்காலத்துக்கு வண்டியைத் தயார் செய்வது என்றாலே அது ஐஸ் கொட்டுகிற ஊர்க்காரர்கள் வேலை என்று நாம் நினைக்கிறோம். கனடாவில் இருப்பவர்கள் டயர் மாற்றுவார்கள், காஷ்மீரில் சங்கிலி கட்டுவார்கள், நமக்கென்ன, சால்வை போர்த்திக்கொண்டு டீ குடித்தால் போதும் என்று ஒரு எண்ணம். நம் ஊரிலும் குளிர்காலம் இருக்கிறது. அது ரோட்டில் வெள்ளையாகக் கொட்டாது, காற்றில் வெள்ளையாக நிற்கும். அதுதான் வித்தியாசம்.

சேந்தமங்கலத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் நைனாமலை, நடுவில் ஏரியும் வயலும் வாழையும் மரவள்ளியும். ஐப்பசி கார்த்திகை மழையில் நிலம் நனைந்து கிடக்கும். மழை ஓய்ந்த பிறகு வானம் வெளுத்து, காற்று அசையாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றும் கூடவே குளிரும். அதில் இருக்கும் நீராவி சின்னச் சின்னத் துளியாக மாறி அங்கேயே மிதக்கும். அதுதான் மூடுபனி. சூரியன் வந்து தரையைச் சுட வைக்கும் வரை போகாது. அதனால்தான் நள்ளிரவை விட விடியற்காலையில் பனி அடர்த்தியாக இருக்கிறது. இது வகுப்பில் படித்த பாடம்தான், மறந்திருப்பீர்கள்.

ஆயிரம் மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் அதை மூடுபனி என்கிறது வானிலைத் துறை. 200 மீட்டருக்கும் கீழே போனால் அடர்ந்த பனி. 50 மீட்டருக்கும் கீழே என்றால் மிக அடர்ந்த பனி. நம் ஊருக்கு நான் ஒரு சுலபமான அளவுகோல் வைத்திருக்கிறேன். காலையில் வாசலுக்கு வந்து பாருங்கள். நைனாமலை தெரிகிறதா? தெரியவில்லை என்றால் சாவியை எடுக்காதீர்கள். தெருக்கோடி மின்கம்பம்கூடத் தெரியவில்லை என்றால் உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி குடியுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. கரும்பலகையில் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. எதிரில் ஏதோ இருக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 33 மீட்டர் போய்விட்டது. இன்னும் பிரேக் பிடிக்கவே இல்லை! ஈர ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும். மொத்தம் 83 மீட்டர். பனியில் உங்களுக்குத் தெரிவதோ 50 மீட்டர். மீதி 33 மீட்டருக்கு யார் பொறுப்பு?

60 கிலோமீட்டர் வேகம் என்றால் 25 மீட்டரும் 28 மீட்டரும் சேர்த்து 53. இதுவும் பெயில்தான். 40 என்றால் 17-ம் 12-ம் சேர்த்து 29. இது பாஸ். ஆனால் நம் சேந்தமங்கலம் ரோடு மாதிரி நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில் எதிரே வருகிறவனுக்கும் நிற்க இடம் வேண்டுமே. தெரிகிற 50 மீட்டரில் பாதிதான் உங்களுடையது. அப்படியானால் 35-க்கு மேல் போகக் கூடாது. ஏரோப்ளேன் மாதிரி கார் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் படித்த ஒரு பையன் மார்கழி விடியலில் போய்ச் சேர்ந்தான். பெயர் வேண்டாம், அவன் வீட்டார் இதைப் படிப்பார்கள். கணக்கில் கெட்டிக்காரன். வெளியூர் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் டிரைலர் முன்னால் போயிருக்கிறது. பின்னால் லைட் இல்லை, ரிஃப்ளெக்டர் இல்லை. கிழங்கும் மண்ணும் ஒரே நிறம், பனிக்குள் ஒன்றுமே தெரியாது. வீட்டுக்கு வர இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. அவன் அம்மா காபிக்குப் பால் காய்ச்சி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் என் பழைய மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். அவர்கள் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்கினால் எல்லாம் முடிந்துவிடும்.

முதலில் டயர். ஆயுத பூஜைக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அந்த டயரை ஒரு தடவை குனிந்து பார்க்கிறோமா? டயர் பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். சட்டப்படி அதற்குக் கீழே போகக் கூடாது. அந்த அளவு வரும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றுவது நல்லது. ரோட்டில் நிற்கும் நீரை அந்தப் பள்ளம்தான் வெளியே தள்ளுகிறது. மொட்டை டயர் நீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

பட்டன் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கார் அதிகம் ஓடாமல் வாசலில் நிற்கும் வீடுகளில் டயர் புதிது போலவே இருக்கும், ரப்பர் மட்டும் நம் ஊர் வெயிலில் இறுகிப்போயிருக்கும். ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டால் டயர் கடையில் காட்டிக் கேளுங்கள்.

காற்றும் அப்படித்தான். வெப்பம் குறைந்தால் காற்றழுத்தம் குறையும். 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 2 பாயிண்ட் இறங்கும். வெயில் காலத்து மத்தியானம் சரியாகப் பிடித்த காற்று, மார்கழி விடியலில் மூணு நாலு பாயிண்ட் குறைவாக இருக்கும். டயர் சூடாவதற்கு முன்பு, வீட்டுக்குப் பக்கத்து பங்க்கிலேயே பிடியுங்கள். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். பங்க் பையன் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். ஸ்டெப்னிக்கும் பிடியுங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கிறதா, அல்லது யாராவது வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லையா என்றும் பாருங்கள்.

இரண்டாவது லைட். இதில் எனக்கு நிறைய வருத்தம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த லைட்டைக் கழற்றிவிட்டு, கண்ணைக் குத்துகிற வெள்ளை லைட் மாட்டுகிறார்கள். எதிரே வருகிறவனுக்குக் கண் கூசுகிறது என்பது ஒரு பக்கம். பனியில் உங்களுக்கே அது எதிரி. பனித்துளி ஒவ்வொன்றும் சின்னக் கண்ணாடி மாதிரி. பிரைட் போட்டால் அந்த வெளிச்சம் எல்லாம் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். எதிரில் வெள்ளைச் சுவர் கட்டியது போல் ஆகிவிடும். பனியில் டிம் மட்டும் போடுங்கள். ஃபாக் லைட்டைத் தாழ்வாக வைத்திருப்பதற்குக் காரணம், வெளிச்சம் பனிக்கு அடியில் ரோட்டில் விழ வேண்டும் என்பதுதான். அதையும் போட்டுக்கொள்ளுங்கள். நாலு இண்டிகேட்டரையும் எரிய விட்டுக்கொண்டு ஓட்டுவது தவறு. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? அது வண்டி நின்றுபோனால் போட வேண்டியது. பின்பக்க லைட்டும் பிரேக் லைட்டும் எரிகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பின் லைட்டை நீங்கள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாவது கண்ணாடி. வெயிலில் காய்ந்த வைப்பர் ரப்பர் கோடு கோடாகத்தான் துடைக்கும். மாற்ற அதிகம் செலவாகாது. குளிரில் கண்ணாடி உள்பக்கம் பூத்துக்கொண்டால் கையால் துடைக்காதீர்கள், எண்ணெய்ப் பசை ஒட்டி இன்னும் மோசமாகும். ஏசி போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும். கண்ணாடி வெளிப்பக்கம் பூத்தால் ஏசி அதிகக் குளிர்ச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். குளிர்ச்சியைக் குறைத்துவிட்டு வைப்பரைப் போடுங்கள். டேஷ்போர்டில் பிள்ளையார் இருக்கட்டும், அவர் இடத்தை அடைக்க மாட்டார். முன் கண்ணாடியில் தொங்கும் பொம்மையும் மாலையும் வேண்டாம்.

நான்காவது பிரேக். நமக்கு இது எல்லா ஊரையும் விட முக்கியம், ஏனென்றால் கொல்லிமலை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. விடுமுறைக்கு வந்தால் பிள்ளைகளை ஆகாய கங்கைக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் கூட்டிப் போகாமல் இருப்பீர்களா? காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. மழைக்குப் பிறகு ரோட்டில் கல் உருண்டு கிடக்கும். சாயங்காலம் ஆனால் மேகமே ரோட்டில் இறங்கிவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. நாளாக ஆக அதில் தண்ணீர் சேரும், சீக்கிரம் கொதித்துவிடும். தொடர்ந்து பிரேக் அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறி, ஆயிலில் ஆவிக்குமிழ் உண்டாகி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். முதல் கியரில் ஏறின வளைவை முதல் கியரிலேயே இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம், பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை. பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன கனரக வாகனங்களால் எத்தனை குடும்பம் அழிந்திருக்கிறது என்று செய்தித்தாளில் பார்க்கிறீர்கள். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும் இறக்கத்தில் கியரைக் குறைத்து வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு வசதி இருக்கிறது. மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது சாலை விதி, தயவு தாட்சண்யம் இல்லை.

ஐந்தாவது பேட்டரியும் ரேடியேட்டரும். கோடை வெயிலில் தளர்ந்துபோன பேட்டரி மார்கழிக் காலையில்தான் காலை வாரும். செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்தால் இப்போதே சோதித்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டு டீ பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே உப்புப் படிவுதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

வண்டியைப் பற்றி இவ்வளவு போதும். இனி ஓட்டுகிறவரைப் பற்றி.

நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்கு லாரி ஓட்டும் என் மாணவன் ஒருவனிடம் கேட்டேன், "பஞ்சாப் பனியில் எப்படிக் கண்ணு ஓட்டுவாய்?" என்று. "ஓட்டவே மாட்டேன் டீச்சர். தாபாவில் ஓரங்கட்டிப் படுத்துக்குவேன். வெயில் வந்தாத்தான் வண்டி எடுப்பேன்" என்றான். இருபது வருடமாக ஓட்டுகிறவன் சொல்கிறான். வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்குக் கார் ஓட்டி வருகிறவர்கள் பனிக்குள் புகுந்து வருகிறார்கள். அவன் இன்னொன்றும் சொன்னான். பனியில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போகாதீர்கள், அவன் பள்ளத்தில் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள். ரோட்டின் இடது ஓரம் இருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து மெதுவாகப் போங்கள். நிறுத்த வேண்டும் என்றால் ரோட்டில் நிறுத்தாமல் பங்க்குக்குள்ளோ ஹோட்டல் வாசலுக்கோ முழுதாக இறக்கி நிறுத்துங்கள்.

"லீவு இல்லை டீச்சர், வெள்ளிக்கிழமை வேலை முடித்துவிட்டு இரவே கிளம்பினால்தான் சனிக்கிழமை காலையில் வீடு சேர முடியும்" என்பீர்கள். தெரியும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, இரவெல்லாம் ஓட்டி, சரியாகத் தூக்கம் அழுத்துகிற நேரத்தில் பனி அடர்ந்த ரோட்டுக்கு வந்து சேருகிறீர்கள். தூக்கமும் பனியும் ஒரே நேரத்தில் சந்திக்கின்றன. இரவு நன்றாகத் தூங்கிவிட்டுக் காலை எட்டு மணிக்குக் கிளம்புங்கள். பெங்களூரிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். சென்னையிலிருந்து சாயங்காலக் காபிக்கு வந்துவிடலாம். கெடுவது அரை நாள்தான். பஸ், ரயில் என்றால் இன்னும் நல்லது.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் விடியலில் ஓடி வருவதற்குப் பல வீடுகளில் நாம்தான் காரணம். "நல்ல நேரம் ஆறு மணிக்கு, அதற்குள் வந்துவிடு", "போகிக்கு முந்தியே வந்தால்தான் ஆச்சு", "பெரியப்பா வீட்டில் எல்லோரும் வந்துவிட்டார்கள், நீ எங்கே இருக்கிறாய்" என்று அரை மணிக்கு ஒரு போன். ஓட்டிக்கொண்டிருப்பவருக்குப் போன் செய்து எங்கே வருகிறாய் என்று கேட்பது அன்பு இல்லை, அவசரப்படுத்துவது. போகி அன்று இன்னும் மோசம். பனியோடு டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்த புகை சேரும். 2018-ஆம் ஆண்டு போகியன்று அந்தப் புகையால் சென்னை விமான நிலையத்திலேயே விமானம் இறங்க முடியாமல் போனது. ராடார் வைத்திருக்கிற விமானமே தடுமாறினால் நம் கார் எம்மாத்திரம்?

கோயிலுக்கும் அதேதான். மார்கழி என்றால் நமக்கு நாமக்கல் ஆஞ்சநேயருக்கு அனுமன் ஜெயந்தி, 1,00,008 வடை மாலை. வைகுண்ட ஏகாதசி. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இரவு பகல் பாராமல் ஓடும் மாதம். தையில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் இருட்டில் ரோட்டோரம் வரிசையாகப் போவார்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆஞ்சநேயர் பதினொரு மணிக்கும் அதே இடத்தில்தான் நிற்பார். பக்திக்கு விடியற்காலை வேண்டும் என்றால் நம் தெருக் கோயிலுக்கு நடந்து போகலாம்.

பின் சீட்டில் உட்காருகிற என்னைப் போன்ற பெண்களுக்கு: நமக்கும் பெல்ட் உண்டு, அது அலங்காரத்துக்கு இல்லை. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் இருந்தது பின் சீட்டில், பெல்ட் போடாமல். விலை உயர்ந்த கார்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். வேகம் அதிகம் என்று தோன்றினால் வாய் திறந்து சொல்லுங்கள். "ஆம்பிளைங்க ஓட்டும்போது பேசக் கூடாது" என்று யாராவது சொன்னால், டீச்சர் பேசச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கும் இரண்டு வரி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு. ஜெர்மனியில் ரோட்டில் பனி, ஐஸ் இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போய்ப் பிடிமானம் குறைகிறது என்பதுதான் காரணம். நம் ஊரிலிருந்து புதிதாகப் போயிருக்கும் பிள்ளைகள், முதல் குளிர்காலம்தானே என்று காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பனியில் சிக்கி வண்டி நின்றுவிட்டால், சூட்டுக்காக இன்ஜினை ஓட விடுவதற்கு முன் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். மூடியிருந்தால் விஷவாயு உள்ளே வரும். அதற்கு வாசனையும் இருக்காது. ஒரு கம்பளியும் அரை டேங்க் பெட்ரோலும் எப்போதும் இருக்கட்டும்.

அரசாங்கத்துக்கும் வேலை இருக்கிறது. டெல்லி பக்கத்து யமுனா விரைவுச் சாலையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கார்களுக்கு 100 கிலோமீட்டர் வேக வரம்பை 75 ஆகக் குறைக்கிறார்கள். சேலத்திலிருந்து கரூர் வரை நம் நெடுஞ்சாலையிலும் மார்கழி தை விடியலில் அப்படிச் செய்தால் என்ன? கரும்பும் கிழங்கும் ஏற்றிப் போகும் டிரைலர்களுக்கு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கிறதா என்று ஆலை வாசலிலேயே பார்த்து உள்ளே விட்டால் என்ன? கேட்க வேண்டியதுதான், கேட்போம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நம் முன்னாள் மாணவர் குழுவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒளிரும் ஸ்டிக்கர் ரோல் வாங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலத்திலும் காளப்பநாய்க்கன்பட்டியிலும் நின்று, வருகிற டிராக்டர் டிரைலர், மாட்டு வண்டி, பால்காரர் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். யாரையும் குறை சொல்லாமல், "அண்ணா, ஒரு நிமிசம் நில்லுங்க" என்று சொல்லி ஒட்டினால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நான் முதல் ஆளாகப் பணம் தருகிறேன், வெயிலில் நின்று ஒட்டவும் வருகிறேன்.

கடைசியாக, எல்லோர் போனிலும் இருக்க வேண்டியவை: ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டில் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் வம்பு வரும் என்று பயப்படாதீர்கள். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

இதைப் படித்தவர்கள், பின்னூட்டத்தில் "நன்றி டீச்சர்" என்று எழுத வேண்டாம். உங்கள் டயரின் நாலு இலக்க எண்ணை எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வாருங்கள். பகலில் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சேந்தமங்கலம்